பெப்டைடு தேடலை விரைவாக்க எது ஏற்றது: ஒற்றைக் கணினியா, கிளஸ்டரா, ஜி.பி.யு.வா?

இரத்தச் சீரத்திலுள்ள புரதங்களை டிரிப்சின் நொதியால் வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) செலுத்தினால், ஒரே ஓட்டத்தில் பல்லாயிரம் நிறமாலைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நிறமாலையும் எந்தப் பெப்டைடுக்கு (வெட்டப்பட்ட புரதத் துண்டுக்கு) உரியது என்று தரவுத்தளத்தில் தேடுவதே காலம் பிடிக்கும் வேலை. மனிதப் புரத வரிசைகள் ஏறத்தாழ 20,000 தான் என்றாலும், பாஸ்பேட் ஏறக்கூடிய 5 இடங்களைக் கொண்ட ஒரு பெப்டைடு மட்டுமே 32 வடிவங்களாகப் பெருகிவிடுகிறது. வேலூரில் இத்துறையில் இறங்கும் ஆய்வு மாணவர்கள் கணினி வாங்குமுன் சிந்திக்க வேண்டியவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

பல கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் செயலிப் பகுதிகள்) கொண்ட ஒற்றைக் கணினியே எளிய வழி. 2013இல் வெளிவந்த காமெட் போன்ற திறமூல நிரல்களில், எல்லாக் கோர்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு தேடலை ஒரே நேரத்தில் பங்கிட்டுச் செய்கின்றன. ஆனால் கோப்பைப் படிப்பது, முடிவை எழுதுவது போன்ற பிரிக்க முடியாத வேலை மொத்தத்தில் 10% இருந்தால், ஆம்டால் விதிப்படி 16 கோர்களிலும் 6.4 மடங்கு வேகமே கிடைக்கும். எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்ட முடியாது.

பல கணினிகளை எம்.பி.ஐ. (கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) வழியே இணைக்கும் கிளஸ்டருக்கு 2008இல் வந்த எக்ஸ்!!டேண்டம் நல்ல எடுத்துக்காட்டு. இங்கே எதைப் பங்கிடுவது என்பதுதான் முதன்மையான கேள்வி. நிறமாலைகளைப் பங்கிட்டால் நிரல் எளிதாகும். ஆனால் ஒவ்வொரு கணினியும் முழுத் தரவுத்தளத்தையும் சுமக்க வேண்டும். தரவுத்தளத்தைப் பங்கிட்டால் நினைவகச் சுமை குறையும். ஆனால் எதிர்பார்ப்பு மதிப்பு (இத்தகைய பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை நேரலாம் என்ற கணிப்பு) எல்லாப் போட்டிப் பெப்டைடுகளின் மதிப்பெண் பரவலிலிருந்து கணிக்கப்படுவதால், ஒவ்வொரு கணினியும் தன் பங்கை மட்டும் பார்த்துக் கணித்தால் விடையே மாறிவிடும். ஆகவே பரவல்களை ஒன்றுசேர்த்த பிறகே அம்மதிப்பையும், வேண்டுமென்றே சேர்த்த போலிப் புரத வரிசைகளைக் கொண்டு அளக்கும் 1% பிழை வரம்பையும் (ஏற்கும் விடைகளில் தவறானவற்றின் பங்கு) கணிக்க வேண்டும். இதைக் கவனியாமல் பெறும் வேகத்தை நான் வேகமாகவே கருதமாட்டேன். பங்கீடு சமமாக இருப்பதும் முக்கியம்: நிறை வரிசைப்படி துண்டு போட்டால் சில கணினிகள் திணறும்போது மற்றவை சும்மா இருக்கும் என்பதால், சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் சுற்றுமுறையில் கொடுப்பதே நல்லது. அத்துடன், எம்.பி.ஐ. வேலையில் ஒரு கணினி நின்றாலே பொதுவாக முழு ஓட்டமும் முறிந்துவிடும். கத்திரி வெயிலில் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் நம்பியிருக்கும் நம் ஊரில் இதைச் சிறிய குறையாக எண்ண முடியாது.

2012இல் அறிமுகமான டெம்பெஸ்ட், மதிப்பெண் கணிப்பை ஜி.பி.யு. எனும் வரைகலை அட்டையிடம் ஒப்படைத்தது. ஒரே வகைக் கணக்கைக் கோடிக்கணக்கில் செய்ய அது சிறந்தது என்றாலும், அட்டையின் நினைவகம் குறுகியது, நிரலைப் பராமரிப்பதும் கடினம். வாடகை மேகக்கணினியைப் பொறுத்தவரை, நோயாளிகளின் தரவை வெளியே அனுப்ப நெறிமுறைக் குழு இசைய வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்பாக நிரலை மாற்றிப் பார்க்க வேண்டும். 2017இல் வந்த எம்.எஸ்.ஃபிராகர், துண்டு அயனிகளுக்கு (கருவியில் பெப்டைடு உடைந்து உருவாகும் மின்னேற்றத் துண்டுகள்) முன்கூட்டியே அட்டவணை தயாரித்துக்கொள்வதால், பெரும்பாலான பழைய கருவிகளைவிட 100 மடங்குக்கு மேல் வேகமானது என்று அதை உருவாக்கியவர்கள் காட்டினார்கள். அத்தனை மடங்கு வேகத்தைக் கணினிகளைக் கூட்டியே பெறுவது எவ்வளவு செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மனிதச் சீர மாதிரிகளுக்கு, அட்டவணை முறை நிரலுடன் போதிய ரேம் கொண்ட ஒற்றைக் கணினியையே பரிந்துரைக்கிறேன். மாறாக, இராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் பதனிடும் கழிவு கலந்த பாலாற்று மண்ணின் நுண்ணுயிர்ப் புரதங்களை ஒருவர் ஆராய முற்பட்டால், எந்த உயிரி என்றே தெரியாத நிலையில் பல இலட்சம் வரிசைகளில் தேட நேரிடும்; அந்த அட்டவணை ஒரு கணினியின் நினைவகத்தில் அடங்காதபோதுதான் தரவுத்தளத்தைப் பங்கிடும் கிளஸ்டர் தேவையாகிறது.