நடையும் குறுக்கெழுத்துமா, களியல் கம்பா? அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உடம்புக்கும் மூளைக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எதைச் செய்வது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் நாகர்கோவில் வட்டாரத்தில் என் வயதுக்காரர்களிடம் மூன்று வழிகளைப் பார்க்கிறேன்: காலை நடையும் குறுக்கெழுத்தும், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் செல்போன் மூளை விளையாட்டும், குழுவாகச் சேர்ந்து பாடிக்கொண்டே கம்படித்து ஆடும் களியல். நான் களியலைத் தேர்ந்தெடுத்தவள். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

உடம்புக்கும் மூளைக்குமான பயிற்சியை ஏன் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்? 1997இல் சுவீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரைக் கவனித்தார்கள். நடக்கும்போது கூட வந்தவர் பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்திருந்தார்கள். நடை தானாக நடப்பதாக நினைக்கிறோம். வயதாக ஆக அதற்கும் மூளையின் கவனம் தேவைப்படுகிறது. பேச்சும் நடையும் அதே கவனத்தைப் பங்கு போடும்போது ஒன்று தடுமாறுகிறது. வடசேரி சந்தையில் கூட்டத்துக்குள் விலை பேசிக்கொண்டே படி இறங்குகிறவருக்கு வேண்டிய திறமை இதுதான். காலையில் நடந்துவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டால் இரண்டு நல்ல காரியங்கள் தனித்தனியாக நடக்கின்றன. சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் வருவதில்லை.

நடையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதியவர்கள் 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஓராண்டு வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நடைக்குச் செலவும் இல்லை. சொத்தவிளைக் கடற்கரை, குளக்கரை, அண்ணா ஸ்டேடியம் எங்கும் போகலாம். மழைதான் தொல்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை.

நடந்துகொண்டே மூளைக்கு வேலை கொடுக்கவும் வழி இருக்கிறது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்வார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்தவள், ஆசையாகத்தான் தொடங்கினேன். 93, 86, 79, 72 என்று கொஞ்ச நாளிலேயே பாட்டு மாதிரி வாயில் வந்துவிட்டது. கழிப்பதே இல்லை, ஒப்பிப்பதுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். எந்தப் பயிற்சியும் பழகிவிட்டால் மூளை அதிலிருந்து விலகிக்கொள்கிறது. பழக்கம் என்றாலே அதுதானே. ஆகவே சுகர் குறையுமா, செலவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: இது எனக்குக் கைவந்தவுடன் இதைக் கடினமாக்கப்போவது யார்? நடையில் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில். ஏழுக்குப் பதில் பதின்மூன்றைக் கழிக்கலாம், ஊர்ப் பெயர்களைக் கடைசி எழுத்திலிருந்து தொடுக்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு, யாரும் கேட்காதபோது, தன்னையே சிரமப்படுத்திக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? என்னுடன் நடந்தவர்களில் அதிகம் பார்க்கவில்லை. குறுக்கெழுத்திலும் அப்படித்தான். ஒரே பத்திரிகையின் கட்டங்களைத் தொடர்ந்து போடுகிறவருக்கு அதை அமைப்பவரின் போக்கு பிடிபட்டுவிடும், பாதிக் கட்டம் பழக்கத்திலேயே நிரம்பும்.

சைக்கிளும் செல்போனும் இந்த ஒரு விஷயத்தில் நடையைவிட மேல். விளையாட்டுச் செயலி தானாகவே நிலை நிலையாக ஏற்றிக்கொண்டு போகும். என் தம்பி வீட்டில் சில முறை மிதித்துப் பார்த்ததோடு சரி, அதனால் நீண்ட நாள் அனுபவத்தைச் சொல்ல என்னால் முடியாது. எனக்குப் பட்ட குறை, சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் சமநிலைக்கு வேலை இல்லை என்பது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. முழங்கால் தேய்ந்து நிற்கவே முடியாதவர்களுக்குச் சைக்கிள்தான் சரி.

இனி களியல். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: கோலாட்டத்தின் உறவு இது. நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் ஆட்டக்காரர்கள், இரண்டு கையிலும் கம்பு. ஆசான் பாட, ஆடுகிறவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே அடிக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். எங்கள் குழு மேடைக்குப் போவதில்லை. வேகத்தையும் குனிந்து அடிப்பதையும் குறைத்து, ஒரு சமூகக்கூடத்தில் ஓய்வு பெற்ற பெண்கள் சேர்ந்து ஆடுகிறோம்.

ஒரு சுற்றில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருப்பவரின் கம்பில் ஓர் அடி, திரும்பிப் பின்னால் இருப்பவரின் கம்பில் ஓர் அடி, நடுவில் தன் கம்புகளைத் தானே தட்டுவது, ஒரு தாளம் சும்மா விடுவது. அந்தச் சும்மா விடும் இடம்தான் பெரும்பாடு, கை அடிக்கப் போகும், அதை நிறுத்த வேண்டும். வாய் பாட்டை விடக்கூடாது. கால் பின்வாங்கும்போது பக்கத்தில் இருப்பவரை இடிக்கக்கூடாது. நான் தவறினால் எதிரில் இருப்பவருக்கும் அடி தவறும். "எக்கா, கொஞ்சம் நில்லுங்க, அடி விட்டுப் போச்சு" என்று உடனே குரல் வரும். குறுக்கெழுத்தில் தப்பு செய்தால் இப்படி யாரும் சொல்லமாட்டார்கள்.

இதைவிட முக்கியம், கைவந்தது என்று நாங்கள் நிமிரும்போதே ஆசான் மாற்றிவிடுகிறார். சுற்றும் திசையை மாற்றுவார், பழைய பாட்டுக்குப் புது அடி வைப்பார், இரண்டு வட்டமாகப் பிரித்து எதிரெதிரே ஓட விடுவார். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் முதியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். நடனக் குழுவுக்குப் புதுப் புது அசைவுகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மற்றக் குழு ஒரே வகை உடற்பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஹிப்போகாம்பஸ் இரண்டு குழுவிலும் வளர்ந்தது, சமநிலை நடனக் குழுவில் மட்டும் மேம்பட்டது. சிறிய குழுக்கள்தான், அதை வைத்து ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்ய முடியாது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003இல் வந்தது. அதில் எடுத்துக்கொண்ட உடல் செயல்களில் நடனம் ஒன்றுதான் மறதி நோய் குறைவதோடு தொடர்பு காட்டியது. ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி தொடங்காதவர்களே ஆட வந்தார்களா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. களியல் மறதியைத் தடுக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த பலன் சின்னது: திரும்பும்போது கால் தடுமாறுவது குறைந்திருக்கிறது, பேசிக்கொண்டே படி இறங்க முடிகிறது.

களியலுக்கும் குறைகள் உண்டு. சுற்றித் திரும்பும்போது தலை சுற்றலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கனவே விழுந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வரக்கூடாது. எங்கள் குழுவில் இருவர் நாற்காலியில் உட்கார்ந்தே அடிக்கிறார்கள். ஈரத் தரை ஆகவே ஆகாது. வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்ற கணக்கும் களியலில் மட்டும் நிறையாது, நடையை விடாமல் வைத்திருக்கிறேன். நினைவு ஏற்கனவே மங்கத் தொடங்கியவர்களோடு ஆடிய அனுபவம் எங்களுக்கு இல்லை.

பக்கத்தில் குழு இல்லையென்றால் ஜப்பானியர்கள் செய்யும் கட்டப் பயிற்சியைப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் கட்டங்கள், அகலத்தில் நான்கு, நீளத்தில் பத்து. ஒருவர் மிதித்துக் காட்டும் வரிசையை மற்றவர் பார்த்து நினைவில் வைத்து அப்படியே மிதிக்க வேண்டும். பாண்டி ஆடியவர்களுக்குப் புரிந்துவிடும், ஆனால் நொண்டக்கூடாது. மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தால் போதும். வரிசையை நீங்களே போடாதீர்கள். பேரப்பிள்ளையிடம் கொடுங்கள், அவர்கள் ஒருநாளும் சுலபமாகப் போடமாட்டார்கள்.