46,500 ரூபாய்க்கு ஒரு தொட்டி உப்புத் தண்ணீர்

நேற்று ராத்திரி கடைசி மீனும் போய்விட்டது. தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும். முதல்முறை மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைக்கப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

போனது 46,500 ரூபாய். ஒரு வருடமாகச் சேர்த்த பணம்.

ஆளின் பெயரைப் போடப் போவதில்லை, ஏன் என்று பிறகு புரியும். கடை கிடையாது. வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்டுத் தொட்டிகள் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டு விற்கும் வகை. நீல வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

நான் கேட்டது இரண்டடிக்கு ஓரடி டேங்க், சுமார் 54 லிட்டர். சின்னதாக ஆரம்பிக்கலாம் என்ற எண்ணம். தண்ணீர் குறைவாக இருந்தால் தவறும் சீக்கிரம் தெரியும், சாவும் சீக்கிரம் வரும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. 13,500 ரூபாய் லைட் ஒன்றைக் காட்டி "இது எடுத்துக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். "வேணாம் சார். உங்க டேங்குக்கு இது ஓவர். 9,500-ல இருக்கு, அதுவே போதும். எதுக்கு வீணா செலவு பண்றீங்க?" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். நாலாயிரம் ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற மனிதர் ஏமாற்றுவாரா? அதற்குப் பிறகு அவர் எடுத்து வைத்த எதையும் நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் மாதம், சென்னையில், ஹீட்டர் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்!

உப்பு பத்து கிலோ, கிலோ 350. கண்ணாடி பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு வந்தது. கம்பெனிப் பெயர் இல்லையே என்றதற்கு, "இம்போர்ட்டட் சார், பெரிய மூட்டையிலேர்ந்து பிரிச்சுத் தர்றோம், அதான் உங்களுக்கு இந்த ரேட்" என்றார். லைவ் ராக், அதாவது நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் கல், 12 கிலோ, கிலோ 500, ஈரச் சாக்கில் சுற்றி. "ராமேஸ்வரம் சரக்கு சார், ஒரிஜினல் கடல் கல்லு." பாக்டீரியா பாட்டில் ஒன்று 800 ரூபாய், அதை ஊற்றினால் மறுநாளே மீன் விடலாமாம். ஜிபேயில் 46,500 அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி ஏறும் சார், நம்மகிட்ட நம்பிக்கைதான்" என்றார்.

என் அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அந்தக் கவரைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்னலே, நம்மூர் உப்பப் பொடிச்சுக் கொண்டாந்திருக்க?" என்றார். நான் சிரித்தேன். "உனக்குத் தெரியாதும்மா, இது ஃபாரின்" என்றேன். இதை எழுதும்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்று கேன் ஆர்ஓ தண்ணீர் வாங்கி, உப்பைக் கரைத்தேன். உப்பு அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது, கடல் தண்ணீருக்கான அளவு. எல்லாம் சரி என்று நினைத்தேன். மறுநாள் மாலை ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு நீல டாம்சல் மீன், ஒரு கிளீனர் ஷ்ரிம்ப் (இறால்), மஷ்ரூம் என்கிற பவள வகை ஒன்று எல்லாவற்றையும் விட்டேன். மகள் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் ஷ்ரிம்ப் பக்கவாட்டில் கிடந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "சட்டை உரிச்சிருக்கும் சார், அது வெறும் தோல்." இறால் சட்டை உரிப்பது உண்மைதான், தோலும் அசல் இறால் மாதிரியே இருக்கும். அதனால் நம்பி, கல் இடுக்கில் டார்ச் அடித்து இரண்டு நாள் தேடினேன். கிடந்தது தோல் இல்லை, ஷ்ரிம்ப்தான். மூன்றாம் நாள் நாற ஆரம்பித்தபோது தெரிந்தது.

டாம்சல் போனபோது, "சாப்பாடு அதிகம் போட்டிருப்பீங்க." முதல் கோமாளி போனபோது ஆடியோ மெசேஜ்: "புது டேங்குன்னா அப்படித்தான் சார், கடல் உயிரு, ஆயுசு நம்ம கையிலயா இருக்கு?" அதற்கப்புறம் இரண்டு நீல டிக் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

ஆபீஸ் சீனியர் ஒருவர், பல வருடமாக ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல் தொட்டி) வைத்திருப்பவர், டெஸ்ட் கிட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மீனுக்கு விஷமான அம்மோனியாவுக்குப் பார்த்தார்; மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் கரும்பச்சை, அதாவது எக்கச்சக்கம். சாக்கில் காய்ந்து வந்த கல்லில் இருந்த உயிரெல்லாம் செத்து அழுகிக்கொண்டிருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். நான் கொடுத்தது ஒரு நாள்.

பிறகு கால்சியம் பார்த்தார். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். என் தண்ணீர் 50-ஐக்கூடத் தொடவில்லை. மெக்னீசியம் 1,300 அளவில் இருக்க வேண்டியது, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. "இது சாப்பாட்டு உப்பு தம்பி" என்றார். ஹைட்ரோமீட்டர் தண்ணீரின் அடர்த்தியைத்தான் காட்டும், என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிலோ 350 கொடுத்து அம்மாவின் ஊர் உப்பை வாங்கியிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

நேரில் போனேன். "46,500 வேண்டாம், உப்புக்கும் மீனுக்கும் மட்டும் திருப்பிக் கொடுங்க, போலீஸுக்குப் போக வைக்காதீங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "தாராளமாப் போங்க சார். ராமேஸ்வரம் கல்லு இப்ப யார் வீட்ல இருக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து கல்லைத் திருப்பிப் பார்த்தேன். மேலெல்லாம் சின்னச் சின்ன நட்சத்திரக் குழி. செத்த பவளம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் எல்லாமே முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. குற்றம் நிரூபணமானால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. செத்ததா உயிரோடு இருக்கிறதா என்றெல்லாம் கணக்கில்லை. என்னை ஏமாற்றிய பொருளே என் வாயையும் அடைக்கிறது. வனத்துறைக்கு நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்கிறார் சீனியர். திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், மணி மூன்றாகிவிட்டது. சுருக்கமாக: சீல் பிரிக்காத, கம்பெனிப் பெயர் உள்ள உப்பு தவிர எதையும் வாங்காதீர்கள். கடல் கல் என்று யார் சொன்னாலும் வேண்டாம், செயற்கையாகச் செய்த கல் கிடைக்கிறது. மீனுக்கு முன்னால் டெஸ்ட் கிட் வாங்குங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை தொட்டி மீன் இல்லாமலே ஓடட்டும். மறுநாளே மீன் விடலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில் வாங்குங்கள். நம் ஊரில் தண்ணீரைச் சூடாக்கத் தேவையில்லை, ஆற வைக்கத்தான் வேண்டும். என் தொட்டி மத்தியானம் 31 டிகிரி போனது, 25, 26-ல் நிற்க வேண்டியது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்குப் பணம் இல்லையென்றால் தண்ணீர் மேல் ஃபேன் வையுங்கள்.

டேங்கை விற்றுவிடு என்கிறார்கள். விற்கப் போவதில்லை. ஹீட்டர் யாருக்காவது வேண்டுமா? பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஊட்டிக்காரர்களுக்கு முன்னுரிமை.