ஓர்க்கிட்டை நட ஸ்பாக்னம் பாசியா, தேங்காய்ப் பொச்சுமட்டையா?

விடையில் பாதி எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது; கொதித்தால் கல்சியத்தை விட்டுச்செல்லும்.

பாசியின் திறமையைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த ஸ்பாக்னம் வைக்கோல் நிறத்தில், கையில் பாரமே தெரியாமல் இருக்கும். தண்ணீரில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் சட்டி நிறைய ஊதி நிற்கும். அதன் இலைகளில் பச்சைக் கலங்களுக்கிடையே துளையுள்ள வெற்றுக் கலங்கள் இருக்கின்றன. நீர் தங்குவது அவற்றில்தான். உலர்ந்த எடையைப்போல் 15, 20 மடங்கு நீர் பிடிக்கும். 1914–18 போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரித்தானியர் இதைக் காயங்களுக்கு வைத்துக் கட்டினார்கள். இதன் அமிலத்தன்மை பல கிருமிகளைப் பெருகவிடாது.

அந்த அமிலத்தில்தான் நமக்குச் சிக்கல். நியூசிலாந்திலும் சிலியிலும் இது வளர்வது கல்சியம் குறைந்த, குளிர்ந்த சதுப்பில். நம் கிணற்று நீர் அந்த அமிலத்தை முறித்துவிடும். நான் யாரையும் கேட்காமல் கிணற்று நீரையே ஊற்றினேன்: முதலில் மேலே வெள்ளை பூத்தது, பிறகு பாசி கறுத்து நசிந்தது, கடைசியில் வேரும் அழுகியது. உயிர்ப்பாசி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு மாரி மழைநீரைச் சேமித்து வைக்கும் தொட்டி வேண்டும், மெல்லிய நிழல் வேண்டும், பசளை கூடாது. பங்குனி, சித்திரை வெயிலை அது தாண்டும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பொச்சுமட்டை இவ்வளவு அடம்பிடிக்காது. துண்டுகளாக வெட்டி, சாயத் தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை ஊறவைத்துக் கொட்ட வேண்டும். உப்பும் அதோடு போகும். மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூளான தும்புச்சோற்றிலுள்ள சோடியத்தை வெளியேற்றத் தொழிற்சாலைகளே கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலைப் பயன்படுத்துகின்றன. ஆகவே சுண்ணாம்பு நீர் இதற்குப் பகையல்ல. உவர்க் கிணறுதான் பகை. விரைவில் காய்வதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். வண்டா, டென்ட்ரோபியம் போன்ற ஓர்க்கிட்டுகளுக்கு அதுவே வசதி, அவற்றின் வேர்கள் ஓயாத ஈரத்தைப் பொறுக்காதவை.

ஆகவே என் வீட்டில் பெரிய செடிகள் எல்லாம் பொச்சில். வேர் போன ஓர்க்கிட்டைப் பிழைக்கவைக்க மட்டும் ஒரு பிடி பாசி, மழைநீருடன். மாதுளைக்குக் காற்றுப்பதி வைக்கவும், அதாவது கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்யவும், பாசி நல்லதுதான். ஆனால் நனைத்த தும்புச்சோறே அந்த வேலையைச் செய்துவிடும்போது அதற்கு ஏன் காசு? பாசியைத் தொடும்போது கையுறை போடுங்கள். அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பூஞ்சை கீறல் வழியே புகுந்து தோலில் எளிதில் ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடும்.