பூக்கடை லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட்: மூன்று வருடப் பாடு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்கு ஒரு கமிஷன் கடை. அங்கே கணக்கு எழுதுகிற லேப்டாப் 2012-இல் வாங்கியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது, ஆனால் மாமாவின் புகார் அது இல்லை. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் கணக்குத் தாள் திறந்திருக்காது. 2022 கடைசியில் என் கையில் கொடுத்து, "பாரு மாப்ள, தேறுனா தேறட்டும், இல்லேன்னா எடைக்குப் போட்ருவோம்" என்றார்.

2 ஜிபி ராமை 8 ஜிபி ஆக்கினேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இப்போது அரை நிமிடத்தில் பூட் ஆகிறது. இதில் முக்கால்வாசி எஸ்எஸ்டியின் புண்ணியம், அந்தப் பெருமையை லினக்ஸுக்குத் தர மாட்டேன். அப்புறம் விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் 21, பழைய மெஷினுக்கேற்ற லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சவுண்ட், கேமரா, கார்டு ரீடர் எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. வைஃபை மட்டும் பட்டியலிலேயே இல்லை.

அந்த வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவதில்லை, தனியாகத்தான் போட வேண்டும். அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங்கைப் போட்டதும் நெட் வந்துவிட்டது. டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு டிக், ஒரு ரீஸ்டார்ட். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை, கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், செய்ய முடிகிற வரைக்கும். மூன்று மாதம் கழித்து, ஆசைப்பட்டு அப்டேட் மேனேஜரில் புதிய வரிசைக் கெர்னலைப் போட்டேன். டிரைவர் கட்டப்படாமல் நின்றதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் வெள்ளன நாலரை மணிக்கு மாமா போன். மல்லி வரத்து குவிந்திருக்கிறது, வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் பில் அனுப்ப நெட் இல்லை.

"ஆன் பண்ணும்போது ஷிஃப்டை அமுக்கிப் பிடிங்க மாமா. ரெண்டாவது வரி. உள்ள போனா பழைய கெர்னல், 5.15-ன்னு இருக்கா?"

"அஞ்சாறு வரி கெடக்குடா. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

பின்னால் ஏலச் சத்தம். ஒருவழியாகப் பழைய கெர்னலில் ஏறியதும் வைஃபை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கார்டை மாற்றிவிட்டேன். ஏதெரோஸ் ஏஆர்9285 வைஃபை சிப் போட்ட பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, 350 ரூபாய். இதன் டிரைவர் ஏடிஎச்9கே, கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, சிப்புக்குள் ஏற்றும் தனி ஃபர்ம்வேர் கோப்புகூடக் கேட்காது. ஒரே ஒரு ஸ்க்ரூதான். ஆனால் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா ஒயர், நுனியில் கடுகளவு பித்தளை வளையம். நேராக வைத்து நகத்தால் அமுக்கினால் 'டிக்' என்று உட்காரும். கோணலாக அமுக்கினால் வளையம் நசுங்கிவிடும், எனக்கு நாலாவது தடவைதான் உட்கார்ந்தது. சில லேப்டாப்களில், ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எத்தனையோ அப்டேட் வந்து போயிற்று, வைஃபை அசையவில்லை. புளூடூத் போனதுதான் நஷ்டம். பழைய கார்டில் இருந்தது, இதில் இல்லை. கடையில் யாரும் தேடவில்லை. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதைவிட, லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) ஏற்றி, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்று அடித்து வைஃபை சிப் எது என்று பார்ப்பது நல்லது.

திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை முதலில் வேலை செய்யவில்லை. லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப்பின் அமைப்பில் பேக்லைட்டுக்காக ஒரு வரி சேர்த்ததும் சரியானது. தமிழில் தட்டச்ச ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் போட்டுத் தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கொடுத்தேன். கணக்கு எழுதுகிற அக்கா ஒரு நாள்கூடத் திணறவில்லை. கணக்கு லிபர்ஆபீஸில் ஓடுகிறது.

போன சித்திரையில் சூடு தாங்காமல் தானாக அணைந்தது. இது லினக்ஸ் கோளாறு என்று மாமா தீர்மானமாகச் சொன்னார். பின்மூடியைக் கழற்றினால், ஃபேன் இறக்கையில் வாழைநார் சுற்றிக்கிடந்தது. இடுக்கியால் எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றியதோடு சரி.

ஸ்லீப் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. மூடியைச் சாத்தினால் தூங்குகிறது, பத்தில் இரண்டு முறை எழுவதில்லை. அதனால் சாத்தினாலும் ஒன்றும் செய்யாதபடி வைத்துவிட்டேன். மிண்ட் 21-க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 22-க்கு மாற்றலாமா என்று கேட்டேன். "ஓடுறதத் தொடாத மாப்ள" என்று சொல்லிவிட்டார். கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு நகல் எடுத்து வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.