வால்பாறை ரோடு வீடியோவும் மேப்பும்: கேமரா ஜிபிஎஸ்ஸா, போன் ட்ராக்கா?

ஆழியார்ல ஏறி வால்பாறை, மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி இறங்குற ரோட்டை வீடியோ எடுக்கறோம், வீடியோ ஓட ஓட மேப்புல புள்ளியும் கூடவே நகரணும். இதுக்கு ஜிபிஎஸ் உள்ளயே இருக்குற கேமரா வேணும், இல்லன்னா போன்ல தனியா ஜிபிஎக்ஸ் ட்ராக் (போன வழியை இடமும் நேரமுமா புள்ளி புள்ளியா பதியுற ஃபைல்) போட்டு அப்புறமா வீடியோவோட சேர்க்கணும்.

கேமரா வழி ரொம்ப சுலபம்ங்க. கோப்ரோ பிளாக் மாடல்கள்ல ஹீரோ 5ல இருந்து 11 வரைக்கும் ஜிபிஎஸ் இருக்கு, 12ல எடுத்துட்டாங்க, 13ல திரும்ப வந்துடுச்சு, செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க நம்பர் பாத்து வாங்குங்க. இடமும் நேரமும் எம்பி4 ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிடும், எக்ஸிஃப்டூல்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு வெளிய எடுத்துக்கலாம். ஆனா எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணா, வாட்ஸப்ல அனுப்புனா அது பெரும்பாலும் காணாம போயிடும், அதனால ஒரிஜினலை அழிக்கவே கூடாது. ஆன் பண்ண உடனே வண்டிய எடுத்தா சாட்டிலைட் பிடிக்கிற வரைக்கும் ட்ராக் காலியா கிடக்கும்.

போன் வழில செலவே இல்ல, டவர் இல்லாத காட்டுலயும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனா பின்னணில ஓடுற ட்ராக் ஆப்பை பேட்டரி சேவர் நிறுத்திடும், அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. ஒரு செகண்டுக்கு ஒரு புள்ளின்னு வைங்க. 5 செகண்டுக்கு ஒண்ணுன்னு வச்சா, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல அதுக்குள்ள 40 மீட்டருக்கு மேல போயிடுவோம், அப்புறம் கொண்டை ஊசி வளைவு மேப்புல நேர்கோடா வெட்டி நிக்கும், 40 வளைவு ஏறுற ரோட்டுக்கு அது அநியாயம்.

சிங்க், அதாவது வீடியோவையும் ட்ராக்கையும் ஒண்ணா பொருத்துறது தான் பெரிய வேலை. ஜிபிஎக்ஸ்ல நேரம் யுடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம கேமராவோ இந்திய நேரம், 5.30 மணி நேர வித்தியாசம், இதை சரி பண்ணாலும் கேமரா கடிகாரம் சில செகண்ட் தள்ளி இருக்கும், அதே வேகத்துல ரெண்டு செகண்டே 17 மீட்டர் கிட்ட. நேரத்தை நம்புறதை விட இடத்தை நம்புங்க: வளைவு நம்பர் போர்டு வீடியோல தெரியுற ஃப்ரேமையும், ட்ராக்ல அதே வளைவையும் பொருத்துங்க. நீளமான வீடியோன்னா கீழ ஒண்ணு, மேல ஒண்ணுன்னு ரெண்டு வளைவுல பொருத்தினாதான் போகப் போக விலகுறதும் சரியாகும்.

கேமரா புதுசா வாங்குறவங்களுக்கு ஜிபிஎஸ் உள்ளதைத்தான் சொல்வேன். கையில ஏற்கனவே நல்ல கேமரா இருந்தா போன் ட்ராக்கே தாராளம். அதிரப்பள்ளிக்கு முன்னாடி வர்ற வாழச்சால் பக்கம் மரம் மூடுன இடத்துல ரெண்டுலயுமே புள்ளி ரோட்டை விட்டு விலகும், ஜிபிஎக்ஸ் எடிட்டர்ல கையால இழுத்து ரோட்டு மேல வச்சுக்கலாம்.