லென்ஸ் திறன் கணக்கு: குவியத் தூரத்தில் போடுவதா, டயாப்டரில் போடுவதா?

லென்ஸின் திறன் என்பது குவியத் தூரத்தை மீட்டரில் எழுதித் தலைகீழாக்கினால் வரும் எண். அதன் அலகு டயாப்டர். குவி லென்ஸுக்கு +, குழி லென்ஸுக்கு −. இதைப் பற்றிய கேள்விகளுக்கு இரண்டு வழிகளில் தயாராகலாம். எல்லாவற்றையும் குவியத் தூரமாகவே சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, கடைசியில் திறனுக்கு மாற்றுவது ஒன்று. கேள்வியைப் படித்ததுமே டயாப்டருக்கு மாற்றி அதிலேயே முடிப்பது இன்னொன்று. விடை ஒன்றுதான். தவறு நுழையும் இடம்தான் வேறு.

20 செ.மீ. குவி லென்ஸையும் 25 செ.மீ. குழி லென்ஸையும் ஒட்டி வைத்தால்? முதல் வழியில் 1/20 − 1/25 = 1/100. இதைத் தலைகீழாக்கி 100 செ.மீ., அதை மீட்டராக்கி, மறுபடி தலைகீழாக்க வேண்டும். அவசரத்தில் 0.01 டயாப்டர் என்று எழுதிவிடுவது இங்கேதான். இரண்டாவது வழியில் +5, −4, கூட்டினால் +1. மனக்கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

கண் குறைபாட்டுக் கேள்விகளில் டயாப்டர் வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அங்கே எண்ணுக்கு அர்த்தம் தெரிகிறது. தூரப்பார்வை உள்ளவரின் அண்மைப் புள்ளி (கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிக அருகிலுள்ள இடம்) 1 மீட்டர். அவர் 25 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்க வேண்டும். 25 செ.மீ.யிலிருந்து வரும் கதிர்களின் விரிவு 4 டயாப்டர் (1 ÷ 0.25 மீ.). அந்தக் கண்ணால் சமாளிக்க முடிந்தது 1 டயாப்டர் விரிவு மட்டுமே. மீதி 3 டயாப்டரை லென்ஸ் குறைக்க வேண்டும், ஆகவே +3. லென்ஸ் சமன்பாட்டிலும் இதே விடைதான் வரும். ஆனால் அங்கே பொருளின் தொலைவு, பிம்பத்தின் தொலைவு இரண்டுக்கும் எதிர்க்குறி போட வேண்டும். ஒன்றை விட்டாலும் போச்சு.

லென்ஸை வெட்டும் கேள்வியிலும் திறனைப் பிடித்துக்கொள்வது நல்லது. இருபுறமும் ஒரே அளவு குவிந்த லென்ஸை முதன்மை அச்சுக்கு (லென்ஸின் நடுவே இரு பரப்புகளையும் ஊடுருவிச் செல்லும் கோடு) செங்குத்தாக இரண்டாக்கினால் ஒவ்வொரு பாதிக்கும் பாதித் திறன். அச்சின் வழியே வெட்டினால் பரப்புகளின் வளைவு மாறுவதில்லை. திறனும் மாறாது, பிம்பத்தின் பொலிவு மட்டும் குறையும்.

பிம்பம் எங்கே விழும், உருப்பெருக்கம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் சென்டிமீட்டருக்கே திரும்பிவிடுங்கள். பொருள் 30 செ.மீ.யில், குவியத் தூரம் 20 செ.மீ. என்றால் பின்னத்தில் 1/60 என்று சுத்தமாக வருகிறது, டயாப்டரில் 3.33 என்று தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அப்புறம், இடைவெளி விட்டு வைத்த லென்ஸ்கள். திறன்களின் கூட்டுத்தொகையிலிருந்து இடைவெளியையும் இரு திறன்களையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். டயாப்டர் வழிக்காரர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் இடைவெளியும் மீட்டரில் இருக்க வேண்டும். +5 டயாப்டர் லென்ஸ்கள் இரண்டு, நடுவே 10 செ.மீ.: 10 − 0.1 × 25 = 7.5. அந்த 0.1-க்குப் பதில் 10 என்று போட்டால் −240 வரும்.