ஸ்டியரிங் ஆடினால் உடனே சாமான் மாற்றச் சம்மதிக்காதீர்கள்

போன மாரிக்கு முன்னர் என் டபுள் கெப்புக்குப் பெரிய டயர் போட்டேன். வயல் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் கடந்து உள்வழியில் இறங்கினால் மழைக்குச் சில்லுப் புதையும், அதற்காகத்தான். பழைய அளவு 255/70 ஆர் 15. மட்டக்களப்பு டவுனில் ஒரு டயர் கடையில் 31 அங்குல டயர் தாராளமாகப் போடலாம் என்றார்கள். சரி என்று நான்கையும் மாற்றினேன்.

அன்று மாலை செங்கலடி தாண்டி வாழைச்சேனை ரோட்டில் 70ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென நடுங்கத் தொடங்கியது. 60க்குக் குறைத்தால் நின்றுவிடும். பின் சீற்றில் அம்மா இருந்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனேன். "பெரிய டயர் எண்டா கொஞ்சம் ஆடத்தான் செய்யும் அண்ணன், ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாச் சரியாப் போகும்" என்றார் அங்கிருந்த தம்பி. ஓடினேன், போகவில்லை. இரண்டாம் முறை போனபோது டை ரொட் என்ட், போல் ஜொயின்ட் என்று ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் சாமான்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன என்று சொல்லி மாற்றினார்கள். கூலியோடு 48,000 ரூபா. கழற்றிய சாமான்களைக் கேட்டேன், எறிந்துவிட்டோம் என்றார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது.

கடைசியில் ஏறாவூரில் ஒரு பழைய மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சாமானையும் தொடவில்லை. முன் சில்லு இரண்டையும் பின்னுக்கும், பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி, "ஓடிப் பாத்துட்டு வாங்க மனே" என்றார். ஸ்டியரிங் அமைதி, இப்போது சீற் நடுங்கியது. ஸ்டியரிங் சாமான்களில் பிழை என்றால் சில்லு மாறியதும் நடுக்கம் ஏன் பின்னுக்குப் போகவேண்டும்? இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. டயர் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமென்று நான் நம்பவில்லை.

பிறகு ஜக் அடித்து, டயரின் மேற்பரப்புக்கு அருகே ஒரு ஆணியை அசையாமல் வைத்துச் சில்லைச் சுற்றினார். ஒரு டயரில் மட்டும் ஆணிக்கும் ரப்பருக்கும் இடையிலான இடைவெளி ஏறி இறங்கியது, கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர். ஒன்றரையைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்றார். அந்த டயர் வட்டமாகவே இல்லை. சில்லின் பாரத்தைச் சமப்படுத்த ரிம்மில் அடிக்கும் பலன்ஸ் ஈயமும் வெளிப்பக்கம் மட்டும்தான் அடித்திருந்தது. இவ்வளவு அகலமான சில்லுக்கு உள்பக்கமும் பார்த்துப் பலன்ஸ் செய்யாவிட்டால் அது பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருக்குமாம்.

அடுத்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. டயரின் பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களை வாசிக்கச் சொன்னார். 2318. 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். புதுசு என்று முழு விலைக்கு எனக்கு விற்றிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு எண்ணும் இருக்கும், அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டியிருந்ததால் நான் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். என் பழைய சில்லின் விட்டம் சுமார் 738 மில்லிமீற்றர், இப்போது 787. வேக மீற்றர் 70 காட்டும்போது வண்டி உண்மையில் 75 அளவில் ஓடுகிறது. இதையும் கடையில் ஒருவர் வாய் திறந்து சொல்லவில்லை.

டயரை மாற்றித்தரக் கேட்டபோது, ஓடிய டயரை எடுக்கமாட்டோம் என்றார்கள். பில்லில் "டயர் 4" என்று மட்டும் இருக்கிறது, கம்பெனிப் பெயரும் இல்லை, அளவும் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நீங்கள் டயர் வாங்கினால், ரிம்மில் ஏற்றும் முன்பே அந்த நான்கு எண்களை போனில் படமெடுத்து, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.